ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்கான ஒலிப்பாடங்கள்: எந்தத் தாளுக்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

வங்கி ஊழியர்கள் எழுதும் ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்கு ஒலிப்பாடங்களை வாங்க நினைப்பவர்களுக்கு என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டமும் நடைமுறையும் நிறைந்த வங்கியியல் தாளுக்கு ஒரு நல்ல ஒலிப்பாடம் கொடுத்த காசுக்குப் பழுதில்லாமல் உழைக்கும். கணக்கியல் தாளுக்கு, அதே நிறுவனத்தின் அதே ஆசிரியரே பேசியிருந்தாலும், அது பெரும்பாலும் வீண். நான்கு தாள்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாகவே பலர் விற்பதால், எதைக் கேட்பது, எதைத் தள்ளுவது என்பதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுவது நல்லது.

தேர்வை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். 1928இல் தொடங்கப்பட்டு மும்பையிலிருந்து இயங்கும் இந்திய வங்கியியல் மற்றும் நிதியியல் நிறுவனம் இதை ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. 2023இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி, இந்தியப் பொருளாதாரமும் நிதி அமைப்பும், வங்கியியல் கோட்பாடுகளும் நடைமுறைகளும், வங்கியாளர்களுக்கான கணக்கியலும் நிதி மேலாண்மையும், சில்லறை வங்கியியலும் செல்வ மேலாண்மையும் என நான்கு தாள்கள் உள்ளன. ஒவ்வொரு தாளிலும் 2 மணி நேரத்தில் 100 கொள்குறி வினாக்களுக்கு விடையளித்து 50 மதிப்பெண் பெற வேண்டும். நான்கையும் ஒரே முறையில் எழுதுபவர் எந்தத் தாளிலும் 45க்குக் குறையாமல், மொத்தத்தில் 50 விழுக்காடு பெற்றாலும் தேர்ச்சிதான். இன்கிரிமென்ட் கிடைக்கும் என்பதால் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களும், பதவி உயர்வைக் கருதிப் பல ஆண்டுகள் கழித்து எழுதுபவர்களும் இதில் இருக்கிறார்கள். புத்தகங்களோ ஒவ்வொன்றும் தலையணை கனம். கிளையில் நாள் கணக்கை முடித்துவிட்டுச் செங்கல்பட்டு மார்க்கத்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வீடு திரும்பும் ஒருவருக்கு, கைகள் கம்பியைப் பிடித்திருக்கும்போது சும்மா இருப்பது காது மட்டுமே. ஒலிப்பாடம் விற்பவர்கள் குறி வைப்பது அந்தக் காதைத்தான்.

நான் கேட்டுப் பார்த்தவை மூன்று வகை. முதலாவது, ஒரு பயிற்சி நிறுவனம் தன் செயலி வழியாக விற்கும் கட்டணத் தொகுப்பு. இரண்டாவது, பாடக் குறிப்புகளைக் கைப்பேசியே இயந்திரக் குரலில் படித்துக்காட்டும் வசதி. மூன்றாவது, நாம் தரும் குறிப்பை இருவர் உரையாடுவதுபோல் மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவுச் சேவை. நிறுவனங்களின் பெயர்களை நான் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இந்த வகைச் சரக்குகள் பலவற்றுக்கும் பொதுவானவை.

கட்டணத் தொகுப்பின் சிறந்த பகுதியிலிருந்து தொடங்குகிறேன். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881இன் 138ஆவது பிரிவு, அதாவது பணமில்லாமல் திரும்பும் காசோலை பற்றிய பிரிவு, இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்களை அலைக்கழிக்கும் இடங்களில் ஒன்று. அதில் வரும் கால வரம்புகள் நான்கு. நான்கும் வெவ்வேறு நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. அந்த ஆசிரியர் சட்டத்தின் வாசகத்தைப் படிக்கவே இல்லை. ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவர் ஜனவரி 5 தேதியிட்ட காசோலையைப் பெறுகிறார் என்று தொடங்கி, மூன்று மாத ஆயுள் முடிவதற்குள், மார்ச் 20 அன்று, அதை வங்கியில் போட வைக்கிறார். மார்ச் 22 அன்று ‘போதிய நிதி இல்லை’ என்ற குறிப்புடன் அது வியாபாரியின் கைக்குத் திரும்புகிறது. இந்த இடத்தில் ஆசிரியர், “நோட்டீஸ் அனுப்பக் கடைசி நாள் எது, சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டு மௌனமாகிவிடுகிறார். அந்த மௌனம் உண்மையாகவே சில விநாடிகள் நீடிக்கிறது. நாம் மனத்துக்குள் 30 நாள் எண்ணி ஏப்ரல் 21 என்று சொல்லி முடித்த பிறகே குரல் திரும்பி வருகிறது. பிறகு, காசோலை கொடுத்தவர் ஏப்ரல் 10 அன்று நோட்டீஸைப் பெறுகிறார். அவருக்கு 15 நாள் அவகாசம். அது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து அன்றி, அவர் பெற்ற நாளிலிருந்து ஓடுகிறது. ஏப்ரல் 25 கடந்தும் பணம் வரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் அளிக்க வேண்டும். நோட்டீஸ் அனுப்பாமலே வியாபாரி காசோலையை இரண்டாம் முறை வங்கியில் போட்டிருந்தால் என்ன ஆகும் என்ற துணைக் கேள்வியையும் எழுப்பி, இரண்டாம் முறை திரும்பியதை வைத்தும் வழக்குத் தொடரலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலையையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுகிறார். புத்தகத்தில் அடிக்கோடிட்டுப் படித்தும் எனக்குக் குழம்பிக்கொண்டிருந்த பகுதி, ரயில் தாம்பரத்தைத் தாண்டும் முன் தெளிந்துவிட்டது.

இந்தப் பகுதி ஏன் நன்றாக அமைந்தது என்று யோசித்தால் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, பொருளே காலவரிசையில் நடக்கும் ஒரு நிகழ்வாக இருக்கிறது. காதுக்கு முன்னும் பின்னும் புரட்டத் தெரியாது என்பதால், ஒன்றன்பின் ஒன்றாக வரும் செய்தியையே அது நன்கு பிடித்துக்கொள்ளும். வயது வந்தோரைக் கொண்டு ரொகோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கதைபோல் செல்லும் ஓர் உண்மை வரலாற்றைப் படித்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் புரிதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் 2010இல் டேனியல், வுடி ஆகியோரின் ஆய்வில், பாடம் சார்ந்த கட்டுரையை ஒலிப்பதிவாகக் கேட்ட மாணவர்கள் அதையே படித்த மாணவர்களைவிடத் தேர்வில் பின்தங்கினார்கள். இரண்டும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. கேட்பது எத்தகைய பொருள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது; ஜே.ஏ.ஐ.ஐ.பி. பாடத்திட்டத்தில் இரண்டு வகைப் பொருளும் கலந்தே கிடக்கின்றன.

இன்னொரு காரணம் அந்த மௌனம். படித்ததை மீண்டும் படிப்பதைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வதே நெடுநாள் நினைவுக்கு உதவுகிறது என்பதை ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டினார்கள். ஒலிப்பாடத்தில் கேட்பவரைச் சும்மா உட்கார வைப்பது மிகவும் எளிது. குரல் ஓடிக்கொண்டே இருக்கும், தலை ஆடிக்கொண்டே இருக்கும், இறங்கும் நிலையம் வந்ததும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. எனவே ஓர் ஒலிப்பாடத்தை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது, அது கேள்வி கேட்டு நிறுத்துகிறதா என்பதையே. குரலின் இனிமை, பின்னணி இசை, தொடக்கத்தில் வரும் விளம்பரக் கோஷம் ஆகியவற்றுக்கு என் மதிப்பீட்டில் இடமில்லை. (பின்னணி இசை இருந்தால் உண்மையில் மதிப்பெண் குறையும், ஓடும் ரயிலின் இரைச்சலில் அது சொற்களை விழுங்கிவிடுகிறது.)

கடன் திரும்பாதபோது ஈடாக வைத்த சொத்தை வங்கி கையகப்படுத்த வழிசெய்யும் சர்பாசி சட்டத்துக்கும் இதே ஆசிரியர் இதே முறையைக் கையாள்கிறார்: 13(2)இன் கீழ் 60 நாள் நோட்டீஸ், கடனாளி ஆட்சேபித்தால் 15 நாளுக்குள் வங்கியின் பதில், 13(4)இன் கீழ் உடைமையைக் கையகப்படுத்துதல், 17ஆவது பிரிவின் கீழ் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையீடு. வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவு பற்றிய பாடமும், பணம் கொடுக்கும் வங்கிக்கும் வசூலிக்கும் வங்கிக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு பற்றிய பாடமும் கிட்டத்தட்ட இதே தரத்தில் உள்ளன. கவுன்டரில் தினமும் செய்யும் வேலைக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று கேட்கும்போது, அனுபவமுள்ள ஊழியருக்கு அது சட்டென்று பிடிபடுகிறது. தொழில் செய்துகொண்டே படிப்பவருக்கு இருக்கும் பெரிய வசதி இதுதான். கல்லூரி மாணவருக்கு எழுதப்பட்ட பாடங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்வதே இல்லை.

கணக்கியல் தாளுக்கு வரும்போது நிலைமை தலைகீழ். ஒரு கடன் பத்திரத்தின் விலையைக் கணக்கிடும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். முகமதிப்பு 1,000 ரூபாய், ஆண்டு வட்டி 8 விழுக்காடு, முதிர்வுக்கு 3 ஆண்டு, சந்தை எதிர்பார்க்கும் ஈட்டம் 10 விழுக்காடு. தாளில் இது மூன்றே வரி: 80ஐ 1.1ஆல் வகுத்தால் 72.73, 80ஐ 1.21ஆல் வகுத்தால் 66.12, 1,080ஐ 1.331ஆல் வகுத்தால் 811.42, கூட்டினால் ஏறத்தாழ 950.26. இதையே “எண்பது வகுத்தல் ஒன்று புள்ளி இரண்டு ஒன்று” என்று ஒருவர் காதில் ஓதும்போது, மூன்றாவது வகுத்தல் வருவதற்குள் முதல் விடை நழுவிவிடுகிறது. பத்து விநாடி பின்னோக்கிச் செல்லும் பொத்தானை அழுத்தி அழுத்திக் கேட்பதைவிட, இரவு வீட்டில் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்ப்பதே மேல். தேய்மானம், வங்கிச் சரிக்கட்டும் பட்டியல், விகிதப் பகுப்பாய்வு என எல்லாப் பாடங்களிலும் இந்தத் தொகுப்பு ஒளிப்பாடத்தின் ஒலியை மட்டும் உருவி எடுத்துக் கொடுத்திருப்பதாகவே தோன்றுகிறது. “இங்கே பாருங்கள்”, “இந்தக் கட்டத்தில் போடுகிறோம்” என்ற சொற்கள் நீக்கப்படாமல் அப்படியே கிடக்கின்றன. எந்தக் கட்டம் என்று காதுக்கு எப்படித் தெரியும்?

இத்தனைக்கும் கணக்கியலில் காதுக்கேற்ற பகுதி இல்லாமல் இல்லை. சந்தை ஈட்டம் பத்திரத்தின் வட்டியைவிட உயர்ந்தால் விலை ஏன் முகமதிப்புக்குக் கீழே இறங்குகிறது என்பதை இரண்டு நிமிடம் பேசிப் புரியவைக்கலாம். வாடிக்கையாளரின் ஏட்டிலுள்ள இருப்பும் வங்கியின் பாஸ்புக்கில் உள்ள இருப்பும் எந்தெந்தக் காரணங்களால் மாறுபடும் என்பதை, கொடுத்தும் இன்னும் வங்கிக்கு வராத காசோலை, வங்கி தானே கழித்துக்கொண்ட கட்டணம் என்று அடுக்கிச் சொல்லலாம். ஒரு நடவடிக்கையைச் சொல்லி, பற்று எது, வரவு எது என்று வாய்மொழியாகக் கேட்கலாம். இப்படி ஒலிக்கென்றே தனியாக எழுதப்பட்ட கணக்கியல் பாடம் எவரேனும் செய்தால் நான் வாங்குவேன். இப்போது விற்பனையில் இருக்கும் இந்தத் தொகுப்பில் அது இல்லை.

பட்டியல்களைப் படித்துக்காட்டும் பாடங்களும் ஏமாற்றமளிக்கின்றன. வங்கிகள் தாம் தரும் கடனில் குறிப்பிட்ட பங்கைச் சில துறைகளுக்குக் கட்டாயமாக ஒதுக்க வேண்டும் என்ற முன்னுரிமைத் துறைக் கடனுக்கு மொத்தம் 40 விழுக்காடு, விவசாயத்துக்கு 18, நலிந்த பிரிவினருக்கு 12, குறுந்தொழில்களுக்கு 7.5 என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்கள். இத்தகைய எண்கள் நிலைக்க வேண்டுமானால் சில நிமிடங்கள் கழித்தும், அடுத்த பாடத்தின் தொடக்கத்திலும் மீண்டும் கேட்கப்பட வேண்டும். மொழி கற்பிக்கும் ஒலிப்பாடங்களில் பால் பிம்ஸ்லர் 1967இலேயே, விநாடிகளில் தொடங்கி மாதங்கள் வரை நீளும் இடைவெளிகளில் ஒன்றைத் திரும்பக் கேட்கும் கால அட்டவணையை முன்வைத்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் வங்கித் தேர்வுக்குப் பாடம் தயாரிப்பவர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வாங்குவதற்கு முன் கட்டாயம் கவனிக்க வேண்டியது, பாடம் எப்போது பதிவானது என்பது. புத்தகத்தில் ஒரு விதி மாறினால் ஓரத்தில் பேனாவால் திருத்தி எழுதிக்கொள்ளலாம். ஒலிப்பதிவில் அதற்கு வழியில்லை, பழைய விதி ஒவ்வொரு முறையும் அதே உறுதியான குரலில் ஒலித்து மனத்தில் பதிந்துவிடும். குறுந்தொழில் என்பதற்கு 1 கோடி ரூபாய் முதலீடும் 5 கோடி ரூபாய் விற்றுமுதலும் உச்சவரம்பு என்றிருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் 2.5 கோடியாகவும் 10 கோடியாகவும் உயர்ந்தது. சிறு, நடுத்தரத் தொழில்களின் வரம்புகளும் மாறின. வைப்புக் கணக்குக்கு ஒரு நாமினி மட்டுமே என்ற நிலை 2025 நவம்பர் 1 முதல் மாறி, நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்றானது. நான் கேட்ட தொகுப்பில் இந்த இரண்டு இடங்களிலும் பழைய விதியே இருக்கிறது.

புதிய பதிவாக இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. பிப்ரவரி முதல் ஜூலை வரை நடக்கும் தேர்வுகளுக்கு முந்தைய டிசம்பர் 31 வரையிலும், ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை நடக்கும் தேர்வுகளுக்கு ஜூன் 30 வரையிலும் வெளியான விதிகளே வினாத்தாளில் கணக்கில் கொள்ளப்படும் என்று தேர்வை நடத்தும் நிறுவனம் அறிவித்திருக்கிறது. அதன்படி 2025 மே மாதத் தேர்வை எழுதியவருக்கு, கிளையில் புதிய வரம்பு நடைமுறைக்கு வந்திருந்தபோதிலும், தேர்வறையில் பழைய வரம்புதான் சரி. எந்தத் தேதி வரையிலான விதிகள் இந்தப் பாடத்தில் உள்ளன, எந்தத் தேர்வுக்கு இது பொருந்தும் என்று ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியம் எந்தக் கோப்பிலும் இல்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தேர்வு ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டுமே எழுத முடியும் என்பதால், விளக்கத்தைத் தமிழிலும் கலைச்சொற்களை வினாத்தாளில் வரும் வடிவிலேயும் சொல்லும் பாடமே நமக்குப் பயன்படும். இந்தத் தொகுப்பு அதைச் சரியாகவே செய்கிறது.

கைப்பேசியின் இயந்திரக் குரலுக்குக் காசு கிடையாது. அதனால் அதைக் கடுமையாக விமர்சிக்கவும் மனம் வரவில்லை. புத்தகப் பக்கங்களை அப்படியே கொடுத்தால் பக்க எண், அத்தியாயத் தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாவற்றையும் வாக்கியத்தின் நடுவே சேர்த்துப் படிக்கும். அட்டவணையைக் கொடுத்தால் எந்த எண் எந்தத் தலைப்புக்கு உரியது என்று விளங்காது. ஆனால் நாமே கைப்பட எழுதிய அரைப் பக்கக் குறிப்பை, ஒரு கேள்வி, சற்று இடைவெளி, ஒரு விடை என்ற வரிசையில் தட்டச்சு செய்து கொடுத்தால், கட்டணத் தொகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பாடங்களைவிட அது நன்றாகவே உதவுகிறது. குறிப்பு எழுதும்போதே பாதிப் படிப்பு முடிந்துவிடுவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இதைவிடவும் எளிது, குரல் பதிவுச் செயலியில் நம் குரலிலேயே கேள்விகளைப் பதிந்து வைத்துக்கொள்வது. விதி மாறினால் அந்த ஒரு கேள்வியை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் பதிந்துகொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் உரையாடல் கேட்பதற்கு இதமாக இருக்கிறது. அதில்தான் சிக்கலும் இருக்கிறது. இரண்டு குரல்கள் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டும், “சுவாரசியமான விஷயம்” என்று வியந்துகொண்டும் செல்கின்றன. பத்து நிமிடம் கழிந்ததும் எல்லாம் புரிந்துவிட்டது என்ற நிறைவு வருகிறது. சர்பாசி சட்டம் பற்றிய என் குறிப்பை அதற்குக் கொடுத்தேன். வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தைக் கையகப்படுத்தலாம் என்ற கதையை அது அழகாகச் சொன்னது; விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது, 1 லட்ச ரூபாய்க்கு மேற்படாத கடனுக்குப் பொருந்தாது, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பாக்கி இருந்தால் பொருந்தாது என்ற விலக்குகள், குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தும், உரையாடலில் வரவே இல்லை. தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் விலக்குகள்தான். ஒரு பாடத்தை முதன்முதலாக அறிமுகம் செய்துகொள்ள இதைக் கேட்கலாம். திருப்புதலுக்கு நம்பக் கூடாது.

வேகத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2021இல் மர்ஃபியும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வில், விரிவுரைகளை இரு மடங்கு வேகத்தில் பார்த்த மாணவர்களுக்கும் புரிதல் பெரிதாகக் குறையவில்லை. அதற்கு மேல் போனபோதே சரிவு தெரிந்தது. அவர்கள் அமைதியான சூழலில் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். நெரிசலில் நின்றபடி சட்டப் பிரிவுகளைக் கேட்பவருக்கு ஒன்றேகால் மடங்கைத் தாண்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோப்பின் நீளம் இதைவிட முக்கியம்: இந்தத் தொகுப்பில் முக்கால் மணி நேரம் நீளும் கோப்புகளுக்கு உள்ளே எந்தப் பிரிப்பும் இல்லாததால், இறங்க வேண்டிய நிலையத்தில் விட்ட இடத்தை மறுநாள் தேடுவதிலேயே சில நிலையங்கள் போய்விடுகின்றன. பதிவிறக்கம் செய்து வைத்துக்கொள்ளும் வசதி இருப்பது ஆறுதல். இருசக்கர வாகனத்தில் செல்பவர்கள் தயவுசெய்து ஓட்டும்போது இதைக் கேட்க வேண்டாம். 138ஆவது பிரிவைவிடப் பின்னால் வரும் லாரியின் ஒலிப்பான் அவசரமானது.

எனவே என் பரிந்துரை இது. வங்கியியல் தாளுக்கு இத்தகைய தொகுப்பை வாங்கலாம், அதுவும் அத்தியாயத்தை ஒருமுறை புத்தகத்தில் படித்துவிட்டுத் திருப்புதலுக்காக. பொருளாதாரத் தாளில் ரிசர்வ் வங்கியின் பணிகள், பணச் சந்தை போன்ற பகுதிகளுக்கும் கேட்கலாம். சில்லறை வங்கியியல் தாளுக்கு நம் கிளை அனுபவமும் புத்தகமும் போதும். கணக்கியலுக்குச் செலவிட வேண்டாம். தனித்தனித் தாளாக விற்க மறுத்தால், மாதிரிக்காக ஒரு சட்டப் பாடத்தையும் ஒரு கணக்குப் பாடத்தையும் கேட்டு வாங்கிக் கேளுங்கள்; எல்லா நிறுவனங்களும் இலவச மாதிரியாகத் தங்கள் சிறந்த சட்டப் பாடத்தையே வைத்திருப்பார்கள், கணக்குப் பாடத்தைக் கேட்கும்போதுதான் சரக்கின் தரம் வெளிப்படும்.

சந்தாவின் காலக்கெடுவையும் பணம் கட்டும் முன் படித்துப் பாருங்கள். தேர்வு விதிகளின்படி ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் ஐந்து வாய்ப்புகள் உண்டு. தேர்ச்சி பெற்ற தாளை அந்தக் காலத்துக்குள் மீண்டும் எழுதத் தேவையில்லை. ஆனால் நான் வாங்கிய தொகுப்பு ஆறு மாதத்தில் தானாகவே பூட்டிக்கொள்கிறது. ஒரு தாள் மட்டும் பாக்கி இருப்பவரும் நான்கு தாளுக்கும் முழுத் தொகையை மறுபடி கட்டினால்தான் அது திறக்கும் என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்கிறார்கள்.